பயத்துக்கு எத்தனை மார்க்

கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த கோடையில் நான் செய்த வேலை, மக்களுடைய பயத்தை அளப்பது. இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. படாளத்திலிருந்து போனில் பேசிய என் அம்மா, "பயத்த எப்புடிடி அளப்ப, ஒழக்கு வெச்சா?" என்று கேட்டாள். உழக்கு இல்லை, கேள்வி கேட்டு அளக்கிறோம் என்றேன். "இதுக்காடி எம்.ஏ. படிச்ச?" என்றாள். அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டு, அறுப்பு அறுத்து என்னைப் படிக்கவைத்தவள் அவள். கேட்க உரிமை உண்டு.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மூடியதும் தற்காலிக ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் நான் படித்தபோது எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் கூப்பிட்டார். கடலோர ஊர்களில் இந்த நோயைப் பற்றி எவ்வளவு பயம் இருக்கிறது, வாரங்கள் போகப்போக அது கூடுகிறதா குறைகிறதா என்று அவர் பார்க்கப்போகிறார். நேரில் போக வழியில்லை, எல்லாம் போன்தான். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் ஒரு தெரு என் பங்குக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டையும் இடைவெளி விட்டு மூன்று முறை கூப்பிட வேண்டும்.

சில வாக்கியங்களைப் படிப்பேன். 'இந்த நோயை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.' 'செய்தி கேட்டால் நெஞ்சு படபடக்கிறது.' 'இதில் செத்துப்போவேனோ என்று தோன்றுகிறது.' ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் அறவே இல்லை, ஐந்து என்றால் ரொம்ப அதிகம். முதல் நாளே தெருக்காரர்கள் இதற்கு மார்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்தது.

சட்டதிட்டங்கள் இருந்தன. பெயர் கேட்கக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. காய்ச்சல் என்று யாராவது சொன்னால் உதவி எண்ணை மட்டும் படித்துக் காட்டலாம். பேச்சைத் தொடங்கும்போதே, 'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே யாருக்கும் போகாது' என்று உறுதி கொடுக்க வேண்டும். தினமும் கிளிப்பிள்ளை மாதிரி அதை ஒப்பித்தேன். பின்னால் அதுவே என் கழுத்தைப் பிடித்தது.

நான் குடியிருந்த மாடி அறை, திருச்சி போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்குப் பக்கம். பகல் முழுக்க ஆம்புலன்ஸ்கள் அலறிக்கொண்டு போகும். அந்தச் சத்தம் எதிர்முனையில் கேட்டால் மார்க் ஏறிவிடுமே என்று ஒவ்வொரு முறையும் போனைக் கையால் பொத்திக்கொள்வேன். சத்தம் தேய்ந்தபின், "சொல்லுங்க, இப்ப உங்களுக்கு எவ்ளோ பயம்?" என்று கேட்பேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கும்.

முதல் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்துப்போனவள் ஒரு மீன்காரி. என்னைவிட மூத்தவள். தெருத்தெருவாகக் கூடை சுமந்து மீன் விற்பவள், ஊரடங்கில் வீட்டில் அடைபட்டிருந்தாள். அவள் புருஷன் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியும் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"மார்க்கா? அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்கோம்மா," என்றாள். "பயம் இல்லாம இன்னா? டிவியத் தொறந்தாலே கை காலு ஒதறுது. இவரு இன்னாடான்னா மாஸ்க்க தாடிக்கு மாட்டிகினு சுத்தினுகீறாரு."

பின்னாலிருந்து ஆண் குரல் கேட்டது. "யாரு, கவருமெண்டா? ஆட்டோ எப்ப வுடுவாங்கன்னு கேளு." பிறகு அந்தக் குரல் போனுக்குக் கிட்டே வந்து, ஒரே மூச்சில், "கோவளம் திருவிடந்த வடநெம்மேலி நெம்மேலி பட்டிபுலம் மாபலிபுரம், ஏறு ஏறு ஏறு," என்று கூவியது. காதிலிருந்து போனை விலக்கிப் பிடித்தேன்.

"ஓடாத வண்டிக்கு ஆள் கூப்புட்றாரு பாரும்மா," என்றாள். "வாயி துருப் புடிச்சிடும்னு தெனம் ஒரு வாட்டி கத்திடுவாரு. தெருவே சிரிக்குது." அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் ஐந்து என்றாள். அது பொய்யில்லை. சிரிப்பும் இருந்தது, பயமும் இருந்தது.

இரண்டாவது சுற்றில் அந்தத் தெருவின் பயம் காணாமல் போயிருந்தது. முன்பு நான்கு, ஐந்து என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒன்று என்றார்கள். கேள்வி முடிவதற்குள் ஒன்று. சிலர் கேள்வி தொடங்குவதற்குள் ஒன்று. பேராசிரியரிடம் சொன்னேன். "பழகியிருக்கும். எந்தப் பயமும் பழகினால் குறையும், நீயே பாடம் எடுத்திருப்பாயே," என்றார். எடுத்திருக்கிறேன். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் கூடிக்கொண்டே போகும்போது போனுக்குள் பயம் மட்டும் எப்படிக் குறையும்? அது எனக்குச் செரிக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தவள் மீன்காரிக்கு எதிர் வீட்டுப் பெண். எப்போதும் அதட்டலாகப் பேசுகிறவள். அன்று நான் வணக்கம் சொன்னதுமே, "எல்லாத்துக்கும் ஒண்ணு. எழுதிக்கினியா?" என்றாள். "எங்க தெருவுல ஒருத்தருக்கும் பயம் இல்ல. யாரையும் அனுப்பி வெக்காத."

"யாரம்மா நான் அனுப்பப்போறேன்?"

"தகரம் அடிக்கறவங்கள," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதல் சுற்றில் சிலர் பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. முதல் அலையின்போது அந்தத் தெருக்கோடியில் ஒரு வீட்டில் நோய் கண்டதும், அதிகாரிகள் வந்து வாசலை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். தகரம் போனபிறகும் அந்த வீட்டாரிடம் யாரும் மீன் வாங்கவில்லை, குழாயடியில் அவர்கள் குடத்துக்குப் பக்கத்தில் குடம் வைக்கவில்லை. இப்போது நான் வந்து பயமா, எவ்வளவு பயம் என்று விசாரிக்கிறேன். நோய் இல்லாதவன் எதற்குப் பயப்படப்போகிறான்? பயம் என்று சொன்னால் வீட்டில் நோய் இருக்கிறது என்று அர்த்தம், அதைத்தான் கவர்மென்ட் இப்படிச் சுற்றிவளைத்துக் கண்டுபிடிக்கிறது என்று தெருவே கூடிப் பேசி முடிவுகட்டியிருக்க வேண்டும். ஐந்து சொன்ன வீட்டுக்குத் தகரம் வரும், ஒன்று சொன்னால் தப்பிக்கலாம். நான் எழுதிவைத்த ஒன்றுகளை எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த எண் மீன்காரியுடையது.

"வணக்கம்க்கா. போன வாட்டி பேசினேனே..."

"ஒண்ணு," என்றாள்.

"நான் இன்னும் கேள்வியே கேக்கலக்கா."

"எதுவா இருந்தாலும் ஒண்ணும்மா. போட்டுக்கோ."

அதே பெண்தானா என்று சந்தேகம் வருமளவுக்குக் குரல் தட்டையாக இருந்தது. பின்னால் டிவி ஓடியது. திடீரென்று அதன் சத்தம் கூடியது. கூடிய சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமினால் வருமே, அது.

"அண்ணன் இல்லியாக்கா? இன்னிக்கு ஆள் கூப்பிடலையா?"

"தூங்கறாரு. நீ கேள்வியக் கேளும்மா."

கேட்டேன். சட்டப்படி கேட்கத்தான் வேண்டும். ஒன்று, ஒன்று என்று வந்தாள். 'செத்துப்போவேனோ என்று தோன்றுகிறது' என்று படித்ததும், மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு ஒரு 'ஒண்ணு' வந்தது. அதையும் எழுதினேன். உதவி எண்ணைப் படித்தேன். அவள் 'சரிம்மா' என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த எண்ணை அவள் குறித்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும்.

எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். சுகாதாரத் துறைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆள் போய் நிற்கும். ஆனால் யாருக்கும் போகாது என்று சத்தியம் மாதிரிச் சொன்னவள் நான். அந்தத் தெரு பயந்தது அப்படியே நடந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே ஒரு வீடும் வாய் திறக்காது. இன்னும் நாலு பேர் தலையணைக்குள் இருமிக்கொண்டிருந்தால் அவர்கள் கதி என்ன? சொல்லாமல் இருந்தால் இந்த மனிதர் கதி என்ன? பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

"நீ அளக்கத்தான் போயிருக்கிறாய். உள்ளே கைவைத்தால் அப்புறம் அது அளவு இல்லை," என்றார். பிறகு, "எதைச் செய்தாலும் எனக்குப் பிறகு சொல்லிவிடு," என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வேலைக்குக் கொடுத்திருந்த போனை வைத்துவிட்டு, என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"மார்க் கேக்க இல்லக்கா. அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்றாள். பிறகு சீறினாள். "இன்னாம்மா நீ? யாருக்கும் சொல்ல மாட்டேன்னிட்டு எதுக்கு நோண்டினுகீற?"

"இப்பவும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லிட்டா வூட்டுக்குத் தகரம் அடிப்பான். அப்பறம் எங்கிட்ட எவ மீன் வாங்குவா? இவரு வண்டில எவன் ஏறுவான்? வெறும் சொரந்தாம்மா. கசாயம் வெச்சிக் குடுத்துகினுகீறேன். எறங்கிடும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் இல்லை. தகரத்தின்மேல், குழாயடிமேல், ஒன்று முதல் ஐந்து வரை என்று வகுத்துக்கொண்டு வந்த என்மேல். ஆத்திரத்தில் எதையாவது சொல்லித் தொலைப்பதற்குள், அவர் முதல் நாள் கூவியது ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் டிவியில் டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று பாருங்கள், திணறினால் தாமதிக்காதீர்கள் என்று. அவரை எண்ணச் சொன்னால் மாட்டார். ஆள் கூப்பிடச் சொன்னால்?

"அண்ணன்கிட்ட போனைக் குடுங்கக்கா. அன்னிக்கு மாதிரி ஒரு வாட்டி ஆள் கூப்பிடட்டும். ஒரே மூச்சுல. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பிறகு பாய் நகரும் சத்தம். டிவி நின்றது.

"இன்னா மேடம்," என்றார் அவர். "வண்டி... வுட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்கன்னே வெச்சிக்கங்கண்ணா. கூப்பிடுங்க."

"கோவளம்," என்றார். "திருவிடந்த..." ஒரு இழுப்பு. "வட... வடநெ..." அங்கேயே நின்றது. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். அவர் விடவில்லை. தொழில்காரர், மானப் பிரச்சினை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை திருவிடந்தையே வரவில்லை.

"கத்துய்யா," என்றாள் அவள். "அன்னிக்கி கத்தனியே. ஒரு வாட்டி கத்துய்யா."

"வர்லடி," என்றார்.

அவ்வளவுதான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலோடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணியவளுக்கு, அது எங்கே நின்றுபோனது என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஆம்புலன்ஸக் கூப்புடும்மா," என்றாள். "ஆனா தெருவுக்குள்ள வேணாம். உன் கால்ல வுழறேன், தெருவுக்குள்ள வேணாம்."

"ரோட்டுக்கு வரச் சொல்றேன். பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டு வாங்க. போனை வைக்காதீங்க."

ஒரு காதில் அவளை வைத்துக்கொண்டு இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். எல்லா வண்டியும் வெளியே இருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்றேன். தெரியாது என்றார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. "வருதுக்கா, வருது," என்றேன்.

போன் அவள் இடுப்பில் இருந்திருக்க வேண்டும். புடவை உரசும் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு கேட்டது. கொஞ்ச தூரம் நடப்பார்கள், நிற்பார்கள். "வண்டியப் புடிச்சிகினு நில்லு," என்பாள். "அவசரம் இல்ல, மெதுவா." இடையிடையே அவரைத் திட்டினாள், மாஸ்க்கைத் தாடிக்கு மாட்டியதற்காக. திட்டு நின்றுபோகும்போதெல்லாம் அவர் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பகல் ஊரடங்கில் ரோடு வெறிச்சோடிக் கிடந்திருக்கும். அவர் தினமும் நின்று ஆள் கூப்பிடுகிற அதே ஸ்டாப்பில் அவரை உட்காரவைத்தாள்.

ஆம்புலன்ஸ் வரவில்லை. மறுபடி கேட்டேன், அதே பதில். மூச்சு ரம்பம் இழுப்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது இன்னொரு பெண் குரல் வந்தது. அதட்டல் குரல். எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது, எதிர் வீட்டுக்காரி. பின்னாலேயே வந்திருக்கிறாள். "எங்கடி இட்டுகினு போற இவர?" என்றாள்.

தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"ஒறவுக்காரங்க வூட்டுக்கு," என்றாள் மீன்காரி.

"இவர இப்புடியா?"

அவர் மூச்சு மட்டும் கேட்டது. அந்தப் பெண் மறுபடி பேசியபோது அதட்டல் இல்லை. "ஆம்புலன்ஸ் வருதா? வந்தா கொஞ்சம் நிக்கச் சொல்லுடி. எங்க வூட்டுக்காரரும் அப்புடித்தான் கெடக்கறாரு. நெஞ்ச அடைக்குதுங்கறாரு. இரு, இட்டுகினு வந்துடறேன்." செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடித் தேய்ந்தது.

தெருவில் ஒருத்தருக்கும் பயம் இல்லை என்று எனக்கு எழுதவைத்தவள் அவள்தான். எதிரும் புதிருமான இரண்டு வாசல்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன், மீன்காரிக்குக் கேட்கக் கூடாது என்று.

கடைசியில் சைரன் கேட்டது. வழக்கம்போல என் கை போனைப் பொத்தப் போனது. அப்புறம்தான் புரிந்தது, சத்தம் என் ஜன்னலிலிருந்து வரவில்லை, போனுக்குள்ளிருந்து வருகிறது. கதவு திறந்தது, யாரோ வயது கேட்டார்கள். "ரெண்டு பேரு சார், ரெண்டு பேரு கீறாங்க," என்று அவள் மன்றாடினாள். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

அதற்குப்பின் அந்த எண் எடுக்கவில்லை. பிறகு அணைத்தே கிடந்தது. பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். நீளமாக மூச்சு விட்டார். நல்லது செய்தாய் என்றார். கூடவே, அந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். நான் சண்டை போடவில்லை, அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தெருவின் ஒன்றுகளுக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். "பயமே இல்லை என்று சொன்னவர்களுக்குத்தான் பயம் அதிகம் என்று எப்படியம்மா எழுதுவேன்?" என்றார்.

மூன்றாவது சுற்று வந்தது. எனக்குக் கொடுத்த எண்களில் மீன்காரியின் எண் இல்லை. வேலையைத் தொடங்கும் முன் சொந்தப் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடிக்க அடிக்க, அவள் எடுக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

"யாரு, மார்க்கா?" என்றாள்.

"அண்ணன்..."

"கீறாரு. வந்துட்டாரு." அவள் சொன்னதும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். "பாதி ஆளாத்தான் வந்துகீறாரு. திருவிடந்த வரிக்கும் வருது. வடநெம்மேலிக்கு மூச்சு வாங்குது. தெனம் கத்திப் பாத்துகினுகீறாரு."

தகரம் அடித்தார்களா என்று கேட்டேன்.

"தெருவுக்கே அடைச்சிட்டாங்க. வூடு வூடா டெஸ்ட் எடுத்தாங்க. பாதித் தெருவு ஒளிச்சி வெச்சிகினு இருந்திச்சி. யாரை யாரு ஒதுக்கறது? இப்ப எல்லாம் ஒண்ணா குழாயடில நிக்கறோம்." பிறகு, "நீ கேள்வி கேக்கலியா?" என்றாள்.

"உங்க வூட்ட கணக்குலேந்து எடுத்துட்டாங்கக்கா."

"எடுத்தா எடுக்கட்டும். நீ கேளு."

எழுதுவதற்கு இடமில்லாமல், மனப்பாடமாக இருந்ததைக் கேட்டேன். நோயை நினைத்தால் பயமாக இருக்கிறது. "அஞ்சு." செய்தி கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. "அஞ்சு." செத்துப்போவேனோ என்று தோன்றுகிறது. "அஞ்சு. அத ரெண்டு வாட்டி போட்டுக்கோ." சத்தமாகச் சொன்னாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அந்த ஐந்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். பயத்தை அளக்க உட்கார்ந்தவள், ஒருத்திக்குப் பயம் திரும்பி வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

"எதிர் வூட்டுக்கும் போன் பண்ணுவியா?" என்று கேட்டாள்.

"அடுத்தது அவங்கதான்க்கா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பண்ணாதம்மா. அவ வூட்டுக்காரரு திரும்பி வர்ல. நீ கேட்டா அவ ஒண்ணுன்னுதான் சொல்லுவா. இந்த வாட்டி பொய் சொல்ல மாட்டா."

அந்த எண்ணை நான் கூப்பிடவில்லை.